தடித்த ஊசியில் போட்ட பத்தொன்பது பூக்கள்

எங்கள் ஊர் தேவாலயத்துக்கு நூறு வயது நிறையும் நாளில் ஆராதனை மேசைமேல் விரிக்க ஒரு லேஸ் துணி பின்னுவதாக ஆறு பெண்கள் ஒப்புக்கொண்டோம். ஆளுக்கு ஐம்பது பூ. எல்லாப் பூவும் ஒரே கூடையில் சேரும். அவற்றை இணைப்பது தீவெனம்மாவின் வேலை. ஆந்திராவில் எங்கள் நரசாபுரம் பக்கத்தில் அவளைப்போல் இணைக்க ஆள் கிடையாது.

எங்களில் வேகமான கை சுவார்த்தம்மாவுடையது. அந்த மழைக்காலத்தில் அவளுக்கு வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகத் தொடங்கின. காலையில் எழுந்ததும் கையை உதறி உதறித்தான் உணர்வை வரவழைத்தாள். அவள் அம்மாவுக்கும் முதலில் விரல்தான் மரத்தது. மூன்றே மாதத்தில் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. அந்த நினைப்பிலேயே அவள் கணவன் ஏசோபிடம்கூட வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவான். போனால் வாதம் என்ற வார்த்தையைக் கேட்க வேண்டிவரும்.

மெல்லிய இரும்பு குரோஷா ஊசி விரலில் அழுந்துவதால்தான் இப்படி என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு நரசாபுரம் கடைக்குப் போனாள். கையோடு கொண்டுபோன நூலில் ஒவ்வொரு ஊசியாகப் பின்னிப் பார்த்தாள். ஒன்று வழுக்கியது. ஒன்றின் முனை நூலைப் பிரித்தது. ரப்பர் பிடி போட்ட ஒன்று மட்டும் உள்ளங்கையில் மெத்தென்று உட்கார்ந்தது. ஆனால் முனை பழையதைவிடத் தடிமன். அதில் மெல்லியது வரவில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். நூலை இழுத்துப் பிடித்தால் சரியாகிவிடும் என்று அதையே வாங்கி வந்தாள்.

அந்த ஊசியில் பத்தொன்பது பூ போட்டாள். அளவுக்காகத் தீவெனம்மா கொடுத்திருந்த மாதிரிப் பூவின்மேல் வைத்துப் பார்த்தபோது சுற்றிலும் ஒரு நூல் அளவு வெளியே தெரிந்தது. நனைத்தால் சுருங்கும் என்று நினைத்துக் கூடையில் போட்டுவிட்டாள்.

அதற்கு நான்காம் நாள் தீவெனம்மா எல்லோரையும் கூப்பிட்டாள். பாயில் விரித்த துணி நடுவில் உப்பிக்கொண்டு நின்றது.

"யாரோ கையைத் தளர விட்டிருக்கீங்க. பத்தொன்பது பூ, எண்ணி வெச்சிருக்கேன்" என்றவள், போன தையில் கல்யாணமாகி வந்த லில்லிகுமாரியின் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, உங்க அம்மா வீட்டுல இப்படித்தான் போடுவாங்களா?"

தான் போட்டதில்லை என்று லில்லி சொன்னதை அவள் மாமியார் உட்பட யாரும் காதில் வாங்கவில்லை. பூக்களை அவள் மடியில் போட்டு, பிரித்துப் புதிதாகப் போடச் சொன்னார்கள். சுவார்த்தம்மா தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு வந்தாள். உண்மையைச் சொன்னால் கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை அவள் தீவெனம்மாவின் வாசலில் போய் நின்றாள். லில்லியும் அங்கேதான் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

"வதினா, அதெல்லாம் நான் போட்டது" என்றாள் சுவார்த்தம்மா, அண்ணி முறையான தீவெனம்மாவிடம்.

"நேத்து வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

சுவார்த்தம்மா புது ஊசியை எடுத்துக் காட்டினாள். விரல் மரத்ததையும் அம்மா விழுந்ததையும் திக்கித்திக்கிச் சொல்லி முடித்தாள். தீவெனம்மா அந்த ஊசியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

லில்லிதான் நிமிராமல் சொன்னாள்: "பதினோரு பூவைப் பிரிச்சிட்டேன்க்கா."

மீதி எட்டையும் சுவார்த்தம்மா அவள் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

"பழைய ஊசியைக் கொண்டா" என்றாள் தீவெனம்மா. "மூக்கு மாறக்கூடாது. பிடிதான் மாறணும்." ஊசியின் வாலை அடுப்பில் காய்ச்சி, ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடிக்குள் இறக்கினாள். அதன்மேல் சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினாள். முதல் பூ மாதிரியோடு அச்சாகப் பொருந்தியது. ஆனாலும் விரலில் மரப்பு போகவில்லை.

அன்றிரவு ஏசோபிடமும் சொல்லிவிட்டாள். சனிக்கிழமை அவன் அவளைப் பாலகொல்லு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். டாக்டர் மணிக்கட்டில் தட்டிப் பார்த்து, நரம்பு அங்கே நெருக்கப்படுகிறது, வாதம் இல்லை என்றார். பட்டை ஒன்று கொடுத்துத் தூங்கும்போது கட்டிக்கொள்ளச் சொன்னார். ஒரு நாளைக்கு ஐந்து பூவுக்குமேல் கூடாதாம்.

அந்தக் கணக்குப்படி விழாவுக்குள் அவள் பங்கில் பதினான்கு பூ குறைந்தது. அவற்றை லில்லி போட்டாள். ஆனால் விழா முடிந்து இரண்டு வாரம்வரை அவள் சுவார்த்தம்மாவோடு பேசவில்லை.