ஷோகேஸ் லேப்டாப்

1998 மார்ச்சில் கோழிக்கோட்டில் நடந்த செஸ் போட்டியின் ஐந்தாம் சுற்றில் ஸ்வர்ணலதா இருபத்திரண்டே நகர்த்தலில் தோற்றாள். தோற்றதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். அவளைத் தோற்கடித்த பெண் அதே ஆட்டத்தை இரண்டு வருஷத்துக்கு முன் வேறொருத்தியிடம் கடைசி வரை அப்படியே ஆடியிருந்தாள். அது ஸ்வர்ணலதாவின் பையில் இருந்த சீடியிலேயே இருந்தது. பார்க்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

யாருக்கு யார் ஜோடி என்று மத்தியானம் ஒன்றரைக்குத்தான் பட்டியல் ஒட்டுவார்கள். ஆட்டம் மூன்று மணிக்கு. சினேகிதியிடம் இரவல் வாங்கிப் போயிருந்த லேப்டாப்பில் நாலு லட்சம் ஆட்டங்கள் அடங்கிய தொகுப்பை ஏற்றியிருந்தாள். பலகையில் காய்கள் இப்படி நின்ற ஆட்டங்களையெல்லாம் காட்டு என்று கேட்டால், அது பதினேழு நிமிஷம் கரகரவென்று முனகிவிட்டுப் பதில் சொல்லும். நாலு கேள்வி கேட்பதற்குள் கிளம்புகிற நேரம் வந்துவிட்டது.

அவளுக்கு இருபத்துமூன்று வயது. செஸ்ஸுக்காகவே மயிலாப்பூரில் ஒரு வங்கிக் கிளையில் வேலை கொடுத்திருந்தார்கள். ஜூனில் கோலாலம்பூரில் பெண்களுக்கான போட்டி ஒன்று இருந்தது. வங்கி லீவு கொடுத்துவிட்டது. லேப்டாப் நான் வாங்கித் தருகிறேன் என்றார் அப்பா வைரவன். ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருப்பவர். காய் எப்படி நகரும் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. ஆனால் மகள் ஆடும் எல்லா ஊருக்கும் டிக்கெட் போடுவது அவர்தான்.

எதை வாங்குவது என்று வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்த வெங்கடரமணனிடம் கேட்டாள். அவர் ஒரே விஷயத்தைத்தான் அழுத்திச் சொன்னார். தொகுப்பைத் தேடும்போது மெஷின் நேரத்தைச் செலவழிப்பது ஹார்ட் டிஸ்க்கைப் படிப்பதில்தான். லேப்டாப்பில் வைக்கிற டிஸ்க் சின்னது, மெதுவாகச் சுற்றும்; அதிலும் கொஞ்சம் வேகமானது உண்டு, ரொம்ப மந்தமானதும் உண்டு. நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று கேட்காமல் பணத்தைக் கொடுத்துவிடாதே.

கேட்டாள். முதல் கடையில் இருநூற்று முப்பத்துமூன்று மெகாஹெர்ட்ஸ் என்றார்கள். அது ப்ராசஸர், நான் டிஸ்க்கைக் கேட்கிறேன் என்றதும், அப்படியானால் மூன்று ஜிபி என்றார்கள். இரண்டாவது கடையில் வழவழவென்று ஒரு புத்தகம் கொடுத்தார்கள். அதில் மூடியின் நிறம் இருந்தது, எடை கிராம் கணக்கில் இருந்தது, டிஸ்க்கின் வேகம் மட்டும் இல்லை. தயாரித்த கம்பெனியின் சென்னை ஆபீஸுக்குப் போன் செய்தாள். அங்கே ஒரு பெண் நம்பரைக் குறித்துக்கொண்டாள். நாலு நாள் காத்திருந்தும் போன் வரவில்லை.

சொல்ல ஆளில்லையென்றால் நாமே அளந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது அந்த நாலாவது நாள்தான்.

சனிக்கிழமை பாங்க் முடிந்ததும் அப்பாவோடு பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு முதல் மாடிக் கடைக்குப் போனாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏஸிக்குள் நுழைய வேண்டும். டை கட்டிய மேலாளர் நாற்காலி போட்டு, கூல் டிரிங்ஸ் வரவழைத்தார். அவள் பையிலிருந்து சீடியை எடுத்தாள். பிறகு செஸ் கடிகாரத்தை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். இரண்டு முகம் உள்ள பழைய மரக் கடிகாரம்.

ஷோகேஸில் இருந்த இரண்டு லேப்டாப்பிலும் தொகுப்பை ஏற்றி, ஒரே கேள்வியைக் கேட்டுப் பார்க்கப் போவதாகச் சொன்னாள். மேலாளர் சிரித்துக்கொண்டே மறுத்தார். வெளி சீடியைப் போட்டால் வைரஸ் வரும் என்றார்.

"மேடம், ஹார்ட் டிஸ்க் எல்லாத்துலயும் ஒண்ணுதான். ப்ராசஸர் பாத்து வாங்குங்க. இது இருநூத்தி அறுபத்தாறு, லேட்டஸ்ட்."

வைரவன் கூல் டிரிங்ஸைக் கீழே வைத்தார். "அது எவ்வளவு வேகம்னுதான் பிள்ள கேக்கா. தெரிஞ்சா சொல்லுங்க. தெரியலைன்னா அவ பாத்துக்கிடட்டும்" என்றார்.

மேலாளர் சர்வீஸ் பகுதியிலிருந்து கரீமுல்லாவைக் கூப்பிட்டார். கையில் ஸ்க்ரூ டிரைவரோடு வந்த ஒல்லியான மனிதர் அவள் சொன்னதையெல்லாம் நின்று கேட்டார். சீடியை வாங்கி வைரஸ் இருக்கிறதா என்று தன் மெஷினில் பார்த்துவிட்டு, சுத்தம் என்று திருப்பிக் கொடுத்தார். மேலாளருக்கு அதற்குமேல் மறுக்க வழியில்லை.

ஏற்றவே அரை மணிக்குமேல் ஆனது. முதலில் புதிய மாடலில் தேடச் சொல்லிவிட்டு, கடிகாரத்தின் இடது பொத்தானைத் தட்டினாள். ஆறு நிமிஷம் பத்து வினாடி. மேலாளர் பெருமையோடு பார்த்தார். பதினேழோடு ஒப்பிட்டால் பெருமைப்பட வேண்டியதுதான். அடுத்தது பக்கத்தில் இருந்த விலை குறைந்த மாடல், இருநூறு மெகாஹெர்ட்ஸ். நாலு நிமிஷம் கழித்துத் திரையில் பட்டியல் வந்தபோது அவள் நம்பாமல் மறுபடி தேடச் சொன்னாள். நாலேகால்.

கரீமுல்லா அதைக் கவிழ்த்து ஒரு திருகாணியைக் கழற்றி, சீட்டுக்கட்டு அளவில் இருந்த டிஸ்க்கை உருவினார். ஒட்டியிருந்த தாளில் நம்பர்தான் இருந்தது. உள்ளே போய்த் தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து விரலால் தேடினார்.

"நாலாயிரத்து தொள்ளாயிரம் கீது மேடம். அந்தப் புதுசுல நாலாயிரம்தான். சுத்தறதும் கம்மி, தேடற எடத்துக்குப் போய்ச் சேர்றதும் லேட்டு."

ஸ்வர்ணலதாவுக்கு மனம் குளிர்ந்தது. மேலாளரும் சுதாரித்துக்கொண்டார்; குடோனிலிருந்து அதே விலை குறைந்த மாடலில் புதுப் பெட்டி ஒன்று வந்தது. வைரவன் பையைத் திறக்கப் போனார். அவள் அவர் கையைப் பிடித்தாள். இதையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்றாள்.

மேலாளர் முகம் மாறியது. அதே மாடல், அதே நம்பர், பெட்டியைப் பிரித்துவிட்டால் அப்புறம் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். வைரவனுக்கே கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. தம் கடையில் ஒருத்தர் குக்கரை அடுப்பில் ஏற்றிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று நின்றால் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் பிரிக்கச் சொன்னார். சரியாக இருந்தால் அதையே எடுத்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுத்தார்.

ஆறு நிமிஷம் ஐந்து வினாடி.

கரீமுல்லா இதையும் கவிழ்த்துக் கழற்றினார். உள்ளே வேறு கம்பெனி டிஸ்க். வெளியே ஒரே பெயர், ஒரே நம்பர்தான். அந்தந்த மாதம் எது கைக்குக் கிடைக்கிறதோ அதைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள் என்றார். மேலாளருக்கு அது நிஜமாகவே தெரியாது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

டிஸ்க்கை மட்டும் மாற்றிக் கொடுக்கலாமே என்றார் வைரவன். மாற்றலாம், கம்பெனி வாரண்டி போய்விடும் என்றார் கரீமுல்லா. அப்படியானால் ஷோகேஸில் இருப்பதையே கொடுங்கள் என்றாள் ஸ்வர்ணலதா.

வைரவன் அவளைத் தனியே ஜன்னல் பக்கம் அழைத்துப் போனார்.

"ஏளா, ஆறு மாசமா வாரவன் போறவன்லாம் தட்டிப் பாத்தது. மூடியில கீறல் வேற. நம்ம கடையில ஷோகேஸ்ல வச்ச பாத்திரத்தக் கல்யாணத்துக்கு எவனாவது எடுப்பானா?"

"எனக்குக் கீறல் பரவால்லப்பா. ரெண்டு நிமிஷம் வேணும்."

அவர் திரும்பிப் போய், பிரித்த பெட்டிக்கு வாக்கு இனி செல்லாது, அது வேகம் குறைவு என்று மேலாளரிடம் நிதானமாகச் சொன்னார். ஷோகேஸ் பீஸுக்கு இன்றைய தேதியிலிருந்து வாரண்டி எழுதித் தர வேண்டும் என்றார். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கக் கேட்கவில்லை. ஸ்வர்ணலதா அவரோடு கடைக்குப் போன இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

கோலாலம்பூரில் அறையில் உடன் தங்கியவள் ஒரு மங்கோலியப் பெண். அவளிடம் லேப்டாப் இல்லை. கையெழுத்தில் நிரப்பிய இரண்டு நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. மூன்றாம் நாள், ஸ்வர்ணலதா தன் தேடலை முடித்ததும், அந்தப் பெண் தனக்கும் ஒன்று தேடித் தர முடியுமா என்று அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் முறை வைத்தது போல ஆனது. முதலில் இவளுடைய எதிராளி, அப்புறம் அவளுடையவள். நாலேகால் நிமிஷம் என்பதால் இரண்டு பேருக்கும் நேரம் இருந்தது.

கடைசிச் சுற்றுக்கான பட்டியலில் அவர்கள் இரண்டு பேருக்கும்தான் ஜோடி.

அறைக்குத் திரும்பியதும் மங்கோலியப் பெண் லேப்டாப் பக்கமே வரவில்லை. நோட்டுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஸ்வர்ணலதா அவளுடைய ஆட்டங்களைத் தேடினாள். பதினொன்று வந்தன. குறிப்பெடுத்தாள். மணி இரண்டாகவில்லை. திரையை மூடிவிட்டுக் குளிக்கப் போயிருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மூடியில் கைவைத்தபடி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு தன் பெயரைத் தானே தட்டித் தேடச் சொல்லிவிட்டு, லேப்டாப்பை அந்தப் பெண்ணின் கட்டில் பக்கம் தள்ளிவைத்தாள். இருபத்தாறு ஆட்டங்கள் வந்தன, கோழிக்கோட்டில் தோற்றபின் அவளே தொகுப்பில் சேர்த்துவைத்த அந்த ஆட்டமும் சேர்த்து. அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு பென்சிலை எடுத்தாள்.

ஆட்டம் ஐந்து மணி நேரம் போனது. இரண்டு பேரும் பார்த்து வைத்தது எட்டாவது நகர்த்தலோடு தீர்ந்துவிட, மிச்சத்தைச் சொந்தமாக ஆடினார்கள். கடைசியில் ஒரு சிப்பாய் குறைவாக இருந்தும் ஸ்வர்ணலதா டிரா செய்தாள், பதினோராம் இடம். மங்கோலியப் பெண்ணுக்கு ஒன்பது.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் செய்தபோது அவள் இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னாள். லேப்டாப்பைத் தள்ளிவைத்ததையும் மறைக்கவில்லை. மறுமுனையில் வைரவன், அந்தப் பிள்ளைக்குச் சென்னைப் பக்கம் வருகிற வேலை உண்டா, வந்தால் நம் வீட்டிலேயே தங்கச் சொல் என்றார்.