கழுதைக் குரல் பம்பு

அந்த அடிபம்பைப் போல நாராசமாகக் கத்தும் பிராணி சுப்பீரியர் ஏரிக்கரையில் வேறு எதுவும் கிடையாது. காட்டிலாகா முகாமில் குடிதண்ணீருக்கு அதைவிட்டால் வழியில்லை. யாராவது கைப்பிடியை அழுத்தினால் போதும், கூடாரத்தில் தூங்குபவர்கள் அலறிப் புடைத்துக்கொண்டு எழுவார்கள்.

"கழுதைக்குக்கூட இதைவிட நல்ல குரலு" என்று வந்த நாளிலிருந்து புலம்பிக்கொண்டிருந்த ரெய்னோ, அன்று காலை வாணலியில் மிஞ்சிய பன்றிக் கொழுப்பை வழித்துக் கொண்டுபோய்க் கைப்பிடி ஆணியில் அப்பிவிட்டு வந்தான். பம்பு வாயை மூடிக்கொண்டது.

"ஊரான் பம்புக்கு நீ எதுக்குய்யா வைத்தியம் பாக்கற?" என்றாள் அவன் மனைவி ஐலி. வசந்தத்தில் கழுத்தில் அறுவை சிகிச்சை நடந்ததிலிருந்து அவள் குரல் மேசையைத் தாண்டுவதில்லை.

"அது கத்தினா நீ பேசறது காதுல விழ மாட்டேங்குதுடி. அதான்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அதைக் காட்டிக்கொள்ளாமல், "மணிப் பக்கம் போயிடாதே" என்றாள். விரிகுடாவின் வாயில், தண்ணீருக்குள் மறைந்திருக்கும் பாறைக்கு மேல் ஒரு எச்சரிக்கை மணி மிதந்துகொண்டிருந்தது.

"அந்த மணி கேட்டா முதுகைக் காட்டி ஓடிட மாட்டேனா? எனக்கென்ன பைத்தியமா?" என்று சொல்லிவிட்டு, சின்ன அலுமினியப் படகைத் தள்ளிக்கொண்டு மீன் பிடிக்கப் போனான்.

அவள் தம்பி அர்வோ ஐஸ் வாங்கப் பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். ரெய்னோவின் திசைகாட்டியும் அந்த வண்டிக்குள்ளேயே ஊர்வலம் போயிருந்தது. முகாமில் வேறு யாரும் இல்லை. கைபேசிக்கு அங்கே உயிரே கிடையாது.

ஐலி காபிக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஏரியைக் காணவில்லை. மூடுபனி கரையேறி மேசைவரை வந்துவிட்டது. ஜூன் மாதத்திலும் அந்தத் தண்ணீர் பச்சை ஐஸ்தான். விழுந்தவன் நீந்தத் தெரிந்தவனானாலும் கை கால் விறைத்துப் போய்விடுவான். விரிகுடாவைத் தாண்டிவிட்டாலோ அக்கரை தெரியாத ஏரி, சரக்குக் கப்பல்கள் போகும் பாதை.

பனிக்குள்ளிருந்து மோட்டார் சத்தம் கேட்டது. நின்றது.

"ஐலி!" மெல்லிய குரல். "ஐலீ! எந்தப் பக்கம்?"

அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள். தொண்டை எரிந்ததே தவிர, பக்கத்தில் இருந்த மரத்துக்குக்கூட அது கேட்டிருக்காது.

வாணலியை எடுத்துக் கரண்டியால் ஓங்கி ஓங்கி அடித்தாள். டாங், டாங் என்று அது தண்ணீருக்கு மேல் போயிற்று. மோட்டார் உயிர்பெற்றது. அப்பாடா என்று இன்னும் வேகமாக அடித்தாள். ஆனால் சத்தம் நெருங்கவில்லை, தேய்ந்தது. நின்றது. இவள் அடிக்க, அது மறுபடி கிளம்பி இன்னும் தூரமாகப் போனது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவனுக்குக் கேட்பது வாணலி இல்லை. பாறை மணி. முதுகைக் காட்டி ஓடிக்கொண்டிருக்கிறான்.

கரண்டி கையிலிருந்து நழுவியது. இனி எதைத் தட்டினாலும் அது மணிதான். மணியாகக் கேட்க முடியாத ஒரே ஒரு சத்தம் இந்தக் கரையில் இருந்தது. அதைத்தான் அந்த மகராசன் காலையில் கொன்றுவிட்டுப் போயிருந்தான்.

ஓடிப்போய்க் கைப்பிடியை அழுத்தினாள். தண்ணீர் கொட்டியது, சத்தம் இல்லை. கொதிக்கும் கெட்டிலைத் தூக்கிவந்து ஆணியில் கவிழ்த்தாள். கையில் பட்டது தெரியவில்லை. பாத்திரச் சோப்பை ஊற்றினாள், விரலால் தோண்டினாள், மீதி வெந்நீரை ஊற்றினாள், அடுப்புச் சாம்பலை அள்ளி அள்ளித் திணித்தாள். அழுத்தினாள். ஒன்றும் இல்லை. "கத்தேன், சனியனே, கத்தித் தொலையேன்" என்று அழுதுகொண்டே அழுத்தினாள். ஒரு முனகல். பிறகு காட்டையே கிழித்துக்கொண்டு கழுதை கத்தியது.

மோட்டார் சத்தம் எங்கேயும் இல்லை. போயே போய்விட்டானா? அவள் நிறுத்தவில்லை. தோள் கழன்றுவிடும்போல இருந்தது. தண்ணீர் காலை நனைத்து ஏரிக்கு ஓடியது.

வெகுநேரம் கழித்து, பனிக்குள் ஈ பறப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. அது பெரிதாயிற்று. படகு மணலில் ஏறியது.

"நிறுத்துடி, வந்துட்டேன்" என்று ரெய்னோ அவள் கையைப் பிடித்தான். அவன் பற்கள் தந்தியடித்தன. "மணி என்னைத் துரத்திக்கிட்டே வந்துச்சு ஐலி. ஓட ஓட விடல."

கொப்புளம் கண்ட கையால் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அவன் காதோடு வாயை வைத்தாள்.

"அது நான்தான்யா" என்றாள்.