முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு மாப்பிள்ளை

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பெட்ரோல் பங்கில், காற்றடிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். என் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனபோது எனக்கு முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. நானூறு சிசி, இரட்டை சிலிண்டர், நிற்கும்போதே ஓடிக்கொண்டிருப்பது போன்ற உடம்பு. ஓட்டி வந்தவர் தலைக்கவசத்தைக் கழற்றினார். நரைத்த பின்னல் ஒன்று முதுகில் விழுந்தது. பங்க்காரர் அளந்து சொன்னதை அந்த அம்மாள் நம்பவில்லை. ஜாக்கெட் பையிலிருந்து சொந்த மீட்டரை எடுத்து டயரில் வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க மீட்டர் பொய் சொல்லுது தம்பி" என்றார்.

பொய் சொல்லியே பிழைக்கிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்துவிட்டேன். அந்த மீட்டர் மட்டும் நிஜம். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

2

முதல் தொடக்கம்: "அந்த இரும்புக் குதிரை உறுமியபடி—"

நிறுத்திவிட்டேன். எந்தக் குதிரைக்கும் சங்கிலி துடைத்து எண்ணெய் போட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இரண்டாவது: "இளைஞன் ஒருவன், கறுப்புக் கண்ணாடி, காற்றில் பறக்கும் தலைமுடி—"

தலைமுடி பறக்கிறதென்றால் தலைக்கவசம் இல்லை. அப்படிப்பட்ட ஆளை நம்பி ஒரு கதையை எப்படிக் கொடுப்பது?

மூன்றாவது: "அந்த அம்மாள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார்."

இது கிக்கை உதைத்ததும் கிளம்பிய மாதிரி இருந்தது. (இந்த வண்டிக்குக் கிக் கிடையாது, பொத்தான்தான். உவமை பழைய மாடல்.)

பேருந்தில் வேகத்தை அடக்கும் கருவி உண்டு. எவ்வளவு மிதித்தாலும் நாற்பதுக்கு மேல் போகாது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவர் நாற்பதிலேயே வாழ்ந்தார். அதனால்தான் இந்த வண்டியை வாங்கினார். மகள் ஏனென்று கேட்டபோது, "எவ்வளவு வேகம் போகணும்னு நானே முடிவு பண்ற வண்டி ஒண்ணு வேணும்டி" என்றார்.

வாங்கிய பிறகுதான் விற்றவர் விதியைச் சொன்னார். முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஐயாயிரத்தைத் தாண்டக் கூடாது. உள்ளே இருக்கும் புது உறுப்புகள் ஒன்றோடொன்று உரசிப் பழக வேண்டும். அவசரப்பட்டால் ஆயுசு முழுக்க மனஸ்தாபம்தான். அந்த வண்டி முழுதாகப் பாடத் தொடங்குவதே ஏழாயிரத்துக்கு மேல்! அம்மாள் மறுபேச்சுப் பேசவில்லை. ஐயாயிரம் என்றால் ஐயாயிரம். அவரைத் தண்ணீர் லாரி முந்தியது. பிண ஊர்தி முந்தியது. அதன் ஓட்டுநர் ஒரு வாடிக்கையாளரைப் பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்தார். ஒரு மாலை அவருடைய சொந்த நிழலே அவரை முந்திக்கொண்டு போய், வீட்டு வாசலில் காத்திருந்தது.

(கடைசி கியரில் ஐயாயிரத்துக்குக் கீழேயே அந்த வண்டி எழுபதுக்கு மேல் போகுமே என்று விஷயம் தெரிந்த வாசகர் ஒருவர் முணுமுணுக்கிறார். ஐயா, ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையா?)

புதுக் கதைக்கும் இதே விதியை வைத்துக்கொண்டேன். ஆகவே இதுவரை கொலை இல்லை, ஓடிப்போதல் இல்லை.

3

இப்போது மாப்பிள்ளை வருகிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். இவரை வில்லனாக்கி, அடர்த்தியான மீசையும் கெட்ட எண்ணமும் கொடுத்திருந்தேன். நாலு வரிகூட அவரால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இரண்டையும் மழித்துவிட்டேன். நல்ல மனிதர். மாமியார் வீட்டில் தண்ணீர்கூடக் கேட்டு வாங்கிக் குடிக்க மாட்டார்.

அன்றைக்கு வண்டி நிறுத்துமிடத்தில் அம்மாள் ஒரு பலகை போட்டு உட்கார்ந்திருந்தார். பின்சக்கரத்தைத் தாங்கியில் தூக்கி, கையால் மெல்லச் சுற்றி, பழைய பல்துலக்கியால் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தார். துணியால் துடைத்தார். எண்ணெயைத் தெளித்தார், பிறகு தெளித்ததில் பாதியைத் துடைத்தார். சங்கிலியின் நடுவில் இரண்டு விரல் வைத்துத் தூக்கித் தளர்வு பார்த்தார். இதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். நான் நின்றேன். மாப்பிள்ளையும் நின்றார், கண்ணாடியை இரண்டு முறை கழற்றித் துடைத்தபடி.

பிறகு மாப்பிள்ளை மாடிக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் மகள் இறங்கி வந்தாள்.

"அம்மா, ஞாயித்துக்கிழமை அவர் உன் வண்டியை ஒரு ரவுண்டு எடுத்துட்டுப் போகணுமாம்."

பல்துலக்கி நின்றது.

"உன்னை விட்டுக் கேக்கச் சொன்னாரா?"

"நேர்ல கேக்கக் கூச்சமாம். கல்யாணம் ஆனதுலேருந்து அவர் வாயைத் திறந்து எதையும் கேட்டதில்லம்மா. இது ஒண்ணுதான். இல்லேன்னு சொல்லி என் மானத்தை வாங்கிடாதே."

"இன்னும் ஆயிரம் முடியலடி. ஆம்பளைக்கு இந்த வண்டி கையில கிடைச்சா முறுக்காம இருப்பானா?"

"ஓ! அப்ப உனக்கு எஞ்சின்தான் முக்கியம்?"

அம்மாள் பல்துலக்கியை மறுபடி சங்கிலியில் வைத்தார். அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் அவருக்குத் தெரியும்; சொன்னால் மகள் ஒரு வருடம் வர மாட்டாள்.

ஆக, விஷயம் இதுதான். கொடுத்தால் எஞ்சின் கெடும். கொடுக்காவிட்டால் உறவு கெடும். ஒன்றுக்கு உதிரிபாகம் கிடைக்கும், இன்னொன்றுக்கு—

(இந்த வாக்கியம் நாட்காட்டியில் அச்சடிக்கத் தகுந்ததாக வந்துகொண்டிருந்தது. விட்டுவிட்டேன்.)

4

ஞாயிறு காலை மாப்பிள்ளை தயாராக வந்தார். முழங்கால் கவசம் உட்பட எல்லாம் புதிது. அம்மாள் பின்சக்கரத்துக்கு மேலே இருக்கும் சுருள்வில்லை ஒரு கொக்கிச் சாவியால் இறுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை பண்றீங்க?"

"ஸ்பிரிங்கை ஏத்தி வைக்கிறேன் மாப்பிள்ளை. பின்னாடி காத்தும் கூட்டியிருக்கேன்."

"எதுக்கு?"

"ரெண்டு பேர் பாரம் இல்லையா?"

"அவ வரலியே அத்தை. பயமா இருக்குன்னுட்டா."

அம்மாள் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு தலைக்கவசத்தை மாட்டினார்.

"அவ எதுக்கு? நான் வர்றேன்."

மாமியாரைப் பின்னால் உட்காரவைத்து வேக வண்டி ஓட்டும் முறை எந்த மொழி இலக்கியத்திலும் இல்லை. மாப்பிள்ளை வழிகாட்டுதலுக்காக என்னைப் பார்த்தார். நான் பேனாவை உதறி மை வருகிறதா என்று பார்த்தேன்.

5

கிளம்பினார்கள். அம்மாள் கண் மாப்பிள்ளையின் தோளுக்கு மேலாக முள்ளிலேயே இருந்தது. முள் ஐயாயிரத்தை நெருங்கும்போதெல்லாம் தோளில் ஒரு தட்டு. "மாப்பிள்ளை." மரியாதையான தட்டுதான். ஆனாலும் தட்டு. ஊரெல்லையைத் தாண்டுவதற்குள் மாப்பிள்ளைக்குத் தோளே முள்ளாகிவிட்டது. நாலாயிரத்து எண்ணூறிலேயே அது தானாகத் துடித்தது.

இங்கேதான் கதை என் பேச்சைக் கேட்காமல் முறுக்கிக்கொண்டது.

ஒற்றைச் சாலை. முன்னால் வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று ஊர்ந்தது. எதிரே காலி. மாப்பிள்ளை ஒதுங்கி முந்தத் தொடங்கினார், அடக்கமாக, ஐயாயிரத்துக்குக் கீழேயே! லாரி இருபது பேருந்து நீளம் இருந்தது. (இரண்டு. நான் பயந்திருந்தேன்.) பாதி தாண்டியபோது எதிரே வளைவிலிருந்து ஒரு கார் வெளிப்பட்டது. பின்வாங்கலாமென்றால், விட்ட இடத்தில் ஒரு வேன் ஏற்கெனவே மூக்கை நுழைத்திருந்தது. பேருந்து ஓட்டுநரின் கண் இதையெல்லாம் ஒரே பார்வையில் பார்த்துவிட்டது. மாப்பிள்ளையின் கண் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தது. முள் ஒழுக்கமாக நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தில் நின்றது.

"முறுக்குங்க!"

"அத்தை, அஞ்சாயிரம்—"

"அஞ்சாயிரமாவது மண்ணாவது! முறுக்குங்க மாப்பிள்ளை!"

முறுக்கினார்.

ஏழாயிரம். எட்டாயிரம். ஒன்பது. அந்த ஓசையை எழுத்தில் கொண்டுவர ஆறு முறை முயன்றேன். சிங்கம் வந்தது, இடி வந்தது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினேன். இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: எத்தனையோ நாள் பொறுமையாக நடத்தி, சூடேற்றி, ஆறவைத்து, துடைத்து வைத்திருந்த ஒரு பொருள், கேட்ட நொடியில் கேட்டதைவிடக் கூடுதலாகக் கொடுத்தது. லாரி பின்னால் போயிற்று. கார், ஒலிப்பானை அழுத்தித் திட்டிக்கொண்டே, அவர்களுக்கு இடதுபுறமோ வலதுபுறமோ, உங்கள் ஊர் வழக்கப்படி கடந்தது.

6

ஒரு மரத்தடியில் நிறுத்தினார்கள். அம்மாள் இறங்கி மண்டியிட்டு எஞ்சினுக்குக் காது கொடுத்தார். அடியில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார். (வரிசையை மாற்றி எழுதும்படி என் மனைவி சொன்னாள். மாற்றவில்லை, பார்த்தது அப்படித்தான்.)

"உங்களுக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. வண்டிக்கு?"

"ஒரு நிமிஷத்துக்கு ஒண்ணும் ஆகாது. அது நல்ல வண்டி." முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "நீங்களும் பரவாயில்ல. லாரிக்காரன் பக்கத்துல வண்டி ஆடவே இல்ல" என்றார்.

மாப்பிள்ளை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். முதல்முறையாக, நடுவில் மனைவியை வைக்காமல், தானே வாயைத் திறந்தார்.

"அத்தை, அடுத்த ஞாயிறு நான் மட்டும் எடுத்துட்டுப் போகட்டுமா?"

7

முடிவு, முதல் வகை: "'தாராளமா' என்றார் அம்மாள்." இதை எழுதிவிட்டு நானே நம்பவில்லை. மீட்டரைச் சோதித்த பெண்மணி அவர்.

இரண்டாம் வகை: "'ஆயிரம் முடியட்டும்' என்றார்." நியாயம்தான். ஆனால் மனிதர் வாழ்க்கையில் முதல்முறையாக நேரில் கேட்டிருக்கிறார். அந்த முகத்தைப் பார்த்து அதை எழுத என் கை வரவில்லை.

மூன்றாம் வகை: "இருவரும் கண்கலங்கி—"

"பெரியவரே," என்றார் அம்மாள், என் பக்கம் திரும்பி, "கேட்டது என்னை. நான் சொல்லிக்கிறேன். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றேன்.

அவர் சாவியை வாங்கி முன்னால் உட்கார்ந்தார். மாப்பிள்ளை பின்னால் ஏறிக்கொண்டார். அம்மாள் பொத்தானை அழுத்தினார். இரண்டு சிலிண்டரும் ஒரே மனசாக எழுந்தன. அந்த ஓசைக்குள் தலையைத் திருப்பி ஏதோ சொன்னார். ஒரு வாக்கியம், நீளமில்லை. மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தார். கிடைத்ததற்கும் சிரிக்கலாம், கிடைக்காததற்கும் சிரிக்கலாம். அவர் அப்படிப்பட்ட மனிதர்.

வண்டி கிளம்பிவிட்டது. எனக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது, வலது காதில் எஞ்சின். நீங்கள் என்னைவிடப் பக்கத்தில் நின்றிருந்தீர்கள். என்ன சொன்னார்?