இன்ஷூரன்ஸ்காரங்க வர்றதுக்குள்ள துடைச்ச தரை

வாஷிங் மெஷினுக்குப் போற தண்ணி பைப் காலையில டப்புன்னு விட்டுருச்சு. நான் முட்டி ஆபரேஷன் முடிஞ்சு சமையக்கட்டுக்கு எதிர் ரூம்ல கட்டில்ல கிடக்கேன். எங்க வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் வால்வை மூடினார். அதுக்குள்ள சமையக்கட்டு பூரா தண்ணி, மரத்தரை உப்பிப்போச்சு.

எங்க பொண்ணு போன்ல படிச்சுப் படிச்சு சொன்னா. "அப்பா, இன்ஷூரன்ஸ்ல இருந்து ஆள் வந்து பாக்குற வரைக்கும் எதையும் தொடாதீங்க."

சரி சரின்னார். போனை வச்சதும் பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டு துடைக்க ஆரம்பிச்சவர்தான், மூலை முடுக்கெல்லாம் பளபளன்னு ஆக்கிட்டார். வெளி ஆள் வர்றாங்களேன்னு கூச்சப்படறார்னு நினைச்சேன். உடைஞ்ச பைப்பும் குப்பை வண்டியில போயிருச்சு.

மத்தியானம் இன்ஷூரன்ஸ்ல இருந்து ஒரு சின்ன வயசுப் பொண்ணு வந்துச்சு. சுத்திமுத்திப் பாத்துட்டு, "தண்ணி எங்கம்மா வந்துச்சு?"ங்குது. எனக்கு சிரிக்கறதா அழறதான்னு தெரியல.

"பைப் திடீர்னு உடைஞ்சா தருவோம் அங்கிள். ரொம்ப நாளா கசிஞ்சு கவனிக்காம விட்டிருந்தா கிடையாது. அந்தப் பைப் இருந்தா பாத்தே சொல்லிருப்பேன்."

அவருக்கு முகமே செத்துப்போச்சு. போன் ஸ்பீக்கர்ல இருந்த எங்க பொண்ணு பிடிபிடின்னு பிடிச்சுக்கிட்டா. "யாருப்பா உங்கள துடைக்கச் சொன்னது?"

"உங்கம்மா வாக்கரோட வந்து வழுக்கி விழுந்தா, அதுக்கு எந்த இன்ஷூரன்ஸ்டி தரும்?"

நான் கட்டிலோரம் நின்ன வாக்கரைப் பாத்தேன்.

"துடைச்சதுல தப்பே இல்ல அங்கிள். சேதம் பெருகாம பாத்துக்கணும்னு நாங்களே சொல்வோம். பைப்பைத்தான் வச்சிருக்கணும்"னு சொல்லிக்கிட்டே அந்தப் பொண்ணு தரையில படுத்து, அலமாரியோட அடிப்பலகையைக் கழட்டி டார்ச் அடிச்சுது. உள்ள தண்ணி அப்படியே நிக்குது.

"அங்க மட்டும் குனிய முடியலம்மா"னு இழுத்தார்.

"நல்லதாப் போச்சு. பழைய கசிவுன்னா மரம் கறுத்து பூஞ்சை பிடிச்சிருக்கும். இது இன்னைக்கு ஊறினது." போட்டோ எடுத்துக்கிச்சு. "தரைக்கும் அலமாரிக்கும் தரலாம்னு எழுதறேன். பைப் மட்டும் நீங்க வாங்கணும். சாயங்காலம் காய வைக்க ஆள் வருவாங்க, அதுவரை கை வைக்காதீங்க."

அந்தப் பொண்ணு போனதும் இவர் என் பக்கத்துல வந்து உக்காந்தார். ரெண்டு நிமிஷம் தாங்கல.

"உள்ள தண்ணி நிக்குதே"ன்னு எந்திரிக்கப் பாத்தார்.

"நிக்கட்டும்"னு கையைப் பிடிச்சு இழுத்தேன். விரலெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருந்துச்சு. அவர் கையை என் போர்வைக்குள்ள வச்சுக்கிட்டேன்.