குண்டம்மாவின் வலது கால்

பந்தயச் சீட்டில் அந்தப் பெண் குதிரைக்கு வாயில் நுழையாத ஒரு பெயரை அச்சடித்திருந்தார்கள். லாயத்தில் எல்லோருக்கும் அது குண்டம்மா. தீனியைக் கண்டால் விடாது. இருந்தும் விலா எலும்பை எண்ணிவிடலாம். மற்ற குதிரைகளிடம் உதை வாங்கியே பழகிய லாடக்காரருக்கு, இடுக்கியோடு வந்து நின்றாலே, கேட்காமல் காலைத் தூக்கிக் கொடுக்கும் குதிரை இது ஒன்றுதான்.

அன்று காலை அது இடது முன்னங்காலை நொண்டியது. பந்தயமோ மாலையில். அதற்குள் குதிரை டாக்டர் வந்து ஓடவிட்டுப் பார்ப்பார். நொண்டினால் பெயரை அடித்துவிடுவார்.

"வலது முன்னங்கால் லாடத்துல ஒரு ஆணியைச் சதையை ஒட்டி இறக்கிடுங்கண்ணே," என்றார் லாயத்தை நடத்தும் பயிற்சியாளர், குழம்பில் உப்பு கம்மி என்று சொல்வதுபோல. "ரெண்டு காலும் வலிச்சா எந்தக் காலை நொண்டும்?"

முடியாது என்றால் லாடக்காரருக்கு வேலை போகும். வேலை போனால் லாயத்துக்குப் பின்னால் இருக்கும் ஒன்றரை அறையும் போகும். மனைவி, மகள், வீட்டோடு இருக்கும் மருமகன் எல்லோரும் அதற்குள்தான் முடங்கிக் கிடந்தார்கள். தொழில் என்றால் நாலும் இருக்கும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு அடித்தார். குண்டம்மாவின் உடம்பு ஒருமுறை சிலிர்த்தது. காலை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை. டாக்டர் பார்த்தபோது அடி பிசகாமல் ஓடியது. "ஜோரா இருக்கே," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார் அந்த மகானுபாவர்.

மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது மருமகன் குதித்துக்கொண்டு வந்தான்.

"மாமா, எனக்குக் குதிரை கிடைச்சிருச்சு! அதை ஓட்டுற ஜாக்கிக்கு எடை கூடிப்போச்சாம். குண்டம்மா மேல இன்னைக்கு நான்தான்!"

அவனும் ஜாக்கிதான், மாசக்கணக்காக ஏறக் குதிரை கிடைக்காமல் சும்மா இருந்தவன். மகளுக்கு வாயெல்லாம் பல். லாடக்காரர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே போட்டார். முழு வேகத்தில் முன்னங்கால் மடிந்தால் குதிரைக்கு அடியில் போவது யார்? போன வருடம் ஒருவனைத் துணியில் சுருட்டித்தான் எடுத்தார்கள்.

வாசலில் அவனை மடக்கினார். "மாப்பிள்ளை, வேணாம். அதுக்கு ரெண்டு காலும் சரியில்லை. வலது கால்ல ஆணியை நான்தான் அடிச்சேன்."

மருமகன் முகம் வெளுத்தது. அப்புறம் சிரித்தான்.

"நல்ல கால் உள்ள குதிரையை எனக்கு யாரு மாமா தருவா? இன்னைக்கு மாட்டேன்னு சொன்னா இனி இந்தப் பக்கமே சேர்க்க மாட்டாங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

டாக்டரிடம் போகலாம்தான். அடித்த கை யாருடையது என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

கடைசியில் லாடக்காரர், பந்தயத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டும் இடத்துக்குப் போய், லாடம் ஆடுகிறது என்று ஒரு பொய்யைச் சொல்லிக் குனிந்தார். குண்டம்மா வழக்கம்போலக் காலைக் கொடுத்தது. ஆணியைப் பிடுங்கினார். முனையில் ரத்தம். சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

வலது காலில் வலி குறைந்ததும் இடது கால் குட்டை உடைத்துவிட்டது. புறப்படும் இடத்துக்குப் போவதற்குள் நொண்டல் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. டாக்டர் கையைத் தூக்கித் தடுத்தார். மருமகனை இறக்கிவிட்டார்கள். குண்டம்மா மேல் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும் என்று ஒலிபெருக்கி சொன்னதும், கூட்டம் வேறு குதிரையைத் தேடிப் போய்விட்டது. லாடக்காரர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார். சந்தோஷம்தான்.

லாயத்தில் பயிற்சியாளர் வலது லாடத்தைப் பார்த்துவிட்டுக் காத்திருந்தார். அவர் கத்தவில்லை.

"உங்க மாப்பிள்ளை ஏறலைன்னா பிடுங்கியிருப்பீங்களாண்ணே?"

லாடக்காரர் பையிலிருந்த ஆணியைத் தடவினார்.

"பயப்படாதீங்க, உங்களை அனுப்ப மாட்டேன். சொன்ன இடத்துல ஆணி அடிக்கிற ஆளு லேசுல கிடைக்குமா? மாப்பிள்ளைக்கும் வேற குதிரை தரேன். ஆனா ஓடாத குதிரைக்குத் தீனி போட என்னால ஆகாது. கறிக்கு ஏத்திக்கிட்டுப் போக வண்டி வந்துட்டிருக்கு. லாடத்தைக் கழட்டிடுங்க, அடுத்ததுக்கு ஆகும்."

லாடக்காரர் இடுக்கியை எடுத்துக்கொண்டு போய் நின்றார். குண்டம்மா தீனித் தொட்டியிலிருந்து முகத்தை எடுக்காமலே, கேட்காமலே, காலைத் தூக்கிக் கொடுத்தது.