மாப்பிள்ளை வண்டியின் கரி

இன்ஜினில் கட்டிய கரியை எடுப்பதால் பிரயோஜனம் உண்டா என்று யார் கேட்டாலும் அந்த மெக்கானிக்கிடம் ஒரே பதில்தான். நல்ல இன்ஜினுக்கு அது தேவையில்லை, செத்த இன்ஜினுக்கு அதனால் பலனில்லை, இழுத்துக்கொண்டு கிடக்கிறதே இடையில் ஒன்று, அதற்கு வேண்டுமானால் பார்க்கலாம். அதற்கும் முதலில் கம்ப்ரஷன், உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று பார்க்காமல் கை வைக்க மாட்டார். பட்டறை முதலாளிக்கு இந்தப் பேச்சு வேப்பங்காய். வருகிற வியாபாரத்தை வாசலிலேயே அடித்துத் துரத்துகிறவன் என்று திட்டுவார். முதலாளிக்கே மசியாத அந்த மனுஷன்தான் தங்கை புருஷனிடம் மசிந்துபோனார்.

தங்கையின் கணவர் வாடகைக் கார் ஓட்டுகிறவர். அந்தப் பழைய வண்டி ஓடினால்தான் வீட்டில் பிள்ளைகளுக்கு உலை கொதிக்கும். மேட்டில் திணறுகிறது என்று அவர் புலம்பியபோதே மெக்கானிக் கம்ப்ரஷன் பார்த்துவிட்டார். ஆயிலை மேலே ஏறவிடாமல் தடுக்கிற பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்து போயிருந்தன. தேய்ந்த இடைவெளியை அடைத்துக்கொண்டிருந்தது கரிதான். அழுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிற இன்ஜின் அது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"மச்சான், கார்பன் க்ளீன் பண்ணிட்டா வண்டி புதுசு மாதிரி இழுக்குமாமே. ஸ்டாண்டுல எல்லாரும் சொல்றாங்க."

"நம்ம வண்டிக்கு வேணாம் மாப்பிள்ளை. அந்தக் கரிதான் அடைப்பா நிக்குது. எடுத்தா ஆயில் மேல ஏறி எரிய ஆரம்பிச்சிடும். மெதுவா ஓட்டுங்க, இன்னும் ஒரு வருஷம் தாங்கும். அதுக்குள்ள இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்க வழி பண்ணுவோம்."

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க அண்ணன் ஊரான் வண்டிக்கெல்லாம் பண்ணுவாரு. நம்மளது ஓசிதானே, கை வராது."

தங்கையின் கரண்டி பாத்திரத்திலேயே நின்றுவிட்டது. குனிந்த தலையை அவள் நிமிர்த்தவில்லை. மெக்கானிக் தங்கையைப் பார்த்தார். பெண்ணைக் கொடுத்தவன் ஒரு படி கீழே நிற்க வேண்டும் என்கிற பாழாய்ப்போன புத்தி, எத்தனை இன்ஜினைப் பிரித்து மாட்டினாலும் போவேனா என்கிறது.

"நாளைக்கே பட்டறைக்குக் கொண்டு வாங்க மாப்பிள்ளை" என்றார்.

சும்மா மூடியைத் திறந்து மூடி, ஆயிற்று என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மாப்பிள்ளை அதற்கும் இடம் கொடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். மருந்தை ஊற்றி, ஊறவைத்து, கரைந்ததையெல்லாம் உறிஞ்சி எடுத்தார் மெக்கானிக். வேலை சுத்தம்.

முதல் சில நாட்கள் வண்டி பறந்தது. "பண்ண வேணாம்னீங்களே மச்சான்!" என்று மாப்பிள்ளை போனில் கேலி செய்தார். அப்புறம் நீலப் புகை வந்தது. வண்டி ஆயிலைத் தண்ணீராகக் குடித்தது. சவாரி வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதி வழியில் இறங்கினார்கள். ஒரு மேட்டில் நின்றது, நின்றதுதான். இன்ஜின் வேலைக்கு ஆகிற செலவுக்கு அந்த வண்டியே பெறாது. பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு, மாப்பிள்ளை யாருடைய லாரியையோ ஓட்டிக்கொண்டு தூரதேசம் போனார். போகுமுன், மச்சான் வயிற்றெரிச்சலில் கெடுத்துவிட்டான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

தங்கை ஒரு நாள் பட்டறைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"உன் முகத்துலயே முழிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். கெட்டுப் போகும்னு தெரிஞ்சேதான் பண்ணியா?"

அவர் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"தெரிஞ்சேதாம்மா. மாட்டேன்னு சொன்னா அவரு உன்னைத்தானே குத்திக் காட்டுவாரு."

தங்கை அழவில்லை. அழுதிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலாம்போல இருந்திருக்கும்.

"அவரு குத்திக் காட்டாத நாள் எதுண்ணே? அதையெல்லாம் நான் வாங்கிக்கிட்டுதானே இருந்தேன். பிள்ளைங்க சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுங்க."