மெல்லிய இலைக் குடும்பம்

அந்தத் தெருவின் கடைசி வீட்டில் ஒரு வருஷம் பதினாறு பேர் இருந்தார்கள், அடுத்த வருஷம் இரண்டே பேர். யாரும் சாகவில்லை, ஊரை விட்டுப் போகவும் இல்லை. மழை குறைந்தது, அவர்களும் குறைந்தார்கள், அவ்வளவுதான். அதற்கடுத்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது, பத்தொன்பது பேர் வாசலில் நின்று பல் துலக்கினார்கள். மக்கள்தொகை எடுக்க வந்தவர் மூன்று தடவை எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பென்சிலால் எழுதிக்கொண்டு போனார்.

இதற்கு ஆச்சரியப்படாதவர் செடி எண்ணுகிறவர் ஒருத்தர்தான். ஆராய்ச்சிப் பண்ணையில் அவருக்கு அதுதான் உத்தியோகம். வருஷா வருஷம் ஒரே இடத்தில் மரச்சட்டத்தைப் போட்டு, உள்ளே எந்தச் செடி எத்தனை என்று எண்ணுவார், இலையின் தடிமனை அளப்பார். தடித்த இலைக்காரச் செடிகள் நத்தை மாதிரி வளரும், ஆனால் எண்ணிக்கை அசையாது. மெல்லிய இலைக்காரச் செடிகள் கிடுகிடுவென்று வளரும். இந்த வருஷம் நானூறு, மறுவருஷம் நான்கு. அவருடைய குடும்பம் முதல் ரகம். மூன்று வயசில் நடை, நாலு வயசில் பேச்சு, மூன்று தலைமுறையாக வீட்டில் ஐந்தே பேர். இவ்வளவு தெரிந்த மனுஷன் போயும் போயும் கடைசி வீட்டுப் பெண்ணையே கட்டிக்கொண்டு அங்கேயே குடியேறினார். மனசு கேட்கவில்லை, வேறென்ன.

மகள் பிறந்தாள். பன்னிரண்டாம் நாள் பல், நாற்பதாம் நாள் பேச்சு, நான்காம் மாதம் வாசற்படி தாண்டி ஓட்டம். கண் பட்டுவிடும் என்று எதிர்வீட்டு அத்தை பூரித்துப்போனாள். இவர் மட்டும் பூரிக்கவில்லை. வேகமாக வளர்கிறது எதுவும் நிலைக்கிறதில்லை என்று இருபது வருஷமாகத் தன் கையாலேயே எழுதி வைத்தவர் அல்லவா. இலை அளக்கும் கருவியை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளை அசந்து தூங்கும் மத்தியானத்தில் அவள் காது மடலை அளந்தார். காகிதத்தின் கனம்தான்.

அடுத்து அவர் செய்தது முட்டாள்தனம். வளர்த்தி குறையட்டும் என்று ஜன்னலுக்கெல்லாம் போர்வை கட்டி, பிள்ளையை இருட்டறையில் வைத்தார். நிழலில் இலை இன்னும் மெலியும் என்பது பண்ணைத் தோட்டக்காரருக்குக்கூடத் தெரியும். பயம் வந்தால் படித்ததெல்லாம் எங்கே போய் ஒளிகிறதோ. ஒரு மாதம் கழித்து அளக்கப் போனால், காது மடலுக்கு அந்தப் பக்கம் அவருடைய விரல் தெரிந்தது. போர்வைகளைப் பிடுங்கிப் போட்டு அவளை வெயிலில் தூக்கி நிறுத்தினார். அந்த வருஷம் வெயிலுக்குக் குறைச்சலில்லை. மழைதான் வரவில்லை.

மனைவி துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "நாங்க போனா பதறாதீங்க. இத்தனை வருஷமா மண்ணுக்கு மேல இருக்கிறதைத்தானே எண்ணினீங்க? கீழ கிடக்கிறதை யாரு எண்ணினா?"

விதைகளை எண்ண அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. எல்லாரும் திரும்பி வருவீர்களா என்று கேட்டார். அது எங்களுக்கே தெரியாது என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பு காற்றில் வழுக்கியது. எதிரே யாரும் இல்லை. அடுப்படிக்கு ஓடினார், மனைவியும் இல்லை. மிச்சமிருந்த மாமியாரும் மாமியாரின் தம்பியும் வந்து, முற்றத்தை மட்டும் கொத்திவிடாதீங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். அப்புறம் பதினோரு மாதம் அவர் முற்றத்தில் கால் வைக்கவில்லை, ஒருத்தரையும் வைக்க விடவுமில்லை. ஒருநாள் எறும்புகள் வரிசையாக எதையோ தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தார். தாழ்வாரத்தில் குப்புறப் படுத்து ஒவ்வொரு எறும்பின் வாயையும் பார்த்தார். சர்க்கரைதான். ஆனாலும் நேற்றுப் போனவை எதைத் தூக்கிக்கொண்டு போயினவோ, யாருக்குத் தெரியும்?

மழை பெய்த மூன்றாம் நாள் முற்றத்தில் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள். பின்னால் நான்கு சிறுமிகள். ஒரே உயரம், ஒரே முகம், ஒரே குரல். நான்கு பேரும் அப்பா என்று ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டார்கள்.

"இதுல நம்ம பொண்ணு யாரு?"

"நாலும்தான்" என்றாள் மனைவி.

அவர் நான்கு பேரின் பாதத்தையும் நூலால் அளந்து, செருப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினார். தெருவில் இறங்கியதும் வானத்தைப் பார்த்தார். ஒரு மேகம்கூட இல்லை. ஒருத்திக்காகப் பயந்துகொண்டிருந்தவர் அன்றைக்கு நான்கு பேருக்காகவும் பயந்தபடி, நான்கு ஜோடி செருப்பு வாங்கினார்.